விங்ஃபோர்டு மாளிகையின் ‘நாங்க’

பிறத்தியார் வீட்டு வரலாற்றைத் தன் வீட்டுக் கதையாகச் சொல்லும் இனம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில், எங்கள் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் அதன் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமா? சனிக்கிழமை காலை விங்ஃபோர்டு மாளிகைக்கு வாருங்கள். கோட்டில் பேட்ஜ் குத்திக்கொண்டு, மழைக்கு அசராமல், சம்பளமும் இல்லாமல் வாசலில் நிற்கிறாரே, அவர்தான் டெஸ்மண்ட் பர்கிஸ். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்.

வழிகாட்டியாகச் சேர்ந்த புதிதில் “அவங்க கட்டினாங்க” என்றுதான் சொன்னார். ஆறே மாதத்தில் அது “நாங்க” ஆகிவிட்டது. நாங்க மாடி எழுப்பினோம், நாங்க ஏரி வெட்டினோம், எங்க மூணாவது பிரபு ஒரே சீட்டாட்டத்தில் கிழக்குத் தோப்பையே கோட்டை விட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும். போன வாரம்தான் தோற்ற மாதிரி!

அன்று புல்வெளியில் நின்ற பெரிய தேவதாருவின் அடியில் இருபது பேரை நிறுத்தி, “இதை நாங்க நட்டு முன்னூறு வருஷமாச்சு” என்றார்.

பின்வரிசையில், ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள் கை தூக்கினாள்.

“இல்லீங்க. இதை நட்டது எங்கப்பா. அப்ப எனக்கு ஒன்பது வயசு. தண்ணி ஊத்தினதே நான்தான்.”

“அம்மா, வாரத்துக்கு ஒருத்தர் இப்படித்தான் கிளம்பி வர்றாங்க. உங்கப்பா யாரு?”

“இந்த வீட்டுக்காரரு.”

ரோசலிண்ட் சீமாட்டி! ஒழுகும் கூரையோடு மல்லுக்கட்ட முடியாமல் மாளிகையை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தோட்டக்காரர் வீட்டில் குடியிருக்கும் அசல் வாரிசு.

டெஸ்மண்டின் காது சிவந்தது. இந்தச் சனிக்கிழமை வேலையும் போய்விட்டால் அவருக்கு மிச்சம் ஒற்றை அறை, ஜன்னலுக்கு வெளியே பஸ் டிப்போ, அவ்வளவுதான். பேட்ஜைக் கழற்றி நீட்டினார்.

“மன்னிச்சிருங்கம்மா. இனிமே வரல.”

“அட, மாட்டுங்க முதல்ல. தூறல் போடுது, இவங்களையெல்லாம் யாரு உள்ள கூட்டிட்டுப் போறது?” சீமாட்டி கிட்டே வந்து குரலைத் தணித்தாள். “அந்தச் சீட்டாட்டத்தைப் பத்தி எங்க வீட்டுல யாருமே சொன்னதில்லையே?”

“எப்படிச் சொல்வாங்க? அது நானா கட்டி விட்டது.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “எங்க ஆளுங்க செஞ்சிருப்பாங்க, நம்பலாம். சரி, நாம எத்தனை ஏக்கர் தோத்தோம்?”

“நாப்பதும்மா,” என்றார் டெஸ்மண்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நல்ல மண்ணு.”

சிரிக்கிறீர்களா? போன விடுமுறையில் வெளியூர் விருந்தாளிகளைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போய், விமானத்தை அண்ணாந்து காட்டி, “ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எப்படிக் கட்டியிருக்கோம், பாருங்க!” என்றீர்களே, அதில் நீங்கள் சுமந்த கல் எது?