நாற்பது நாளில் முன்னேறியவர்

"உப்பு எங்கேங்க?"

மனைவி கேட்ட கேள்வி சாதாரணமானதுதான். கேட்ட தொனிதான் சரியில்லை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையில் கரண்டி இருந்தது.

ஸ்டோர்கீப்பர் தன் நோட்டைப் புரட்டினார். "ரெண்டாவது தட்டு, இடது பக்கத்துல இருந்து நாலாவது டப்பா. அட்டை எழுதி மாட்டியிருக்கேன் பாரு."

"அது சமையல் சோடா."

"அப்ப அஞ்சாவது."

"அஞ்சாவது துணி துவைக்கிற பவுடர்."

மின்விசிறித் தொழிற்சாலையில் பதினேழு வருடமாக உதிரிபாகக் கிடங்கைக் கட்டிக் காத்தவர் அவர். எந்த நட்டு எங்கே என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். அந்தத் தைரியத்தில் வீட்டு அடுப்படியையும் ஒரே நாளில் கிடங்காக்கி, வெள்ளையாக இருந்ததையெல்லாம் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டார்.

பொழுது போகாமல் செய்த வேலை இல்லை. பயத்தில் செய்த வேலை. புது இயந்திரங்கள் பொருத்துவதற்காகத் தொழிற்சாலையை நாற்பது நாள் மூடியிருந்தார்கள். மூடுகிற அன்று புது மேனேஜர் ஓர் அறிவிப்பு ஒட்டினார். வீட்டில் இருக்கும் நாட்களைச் சுயமுன்னேற்றத்துக்குப் பயன்படுத்த வேண்டுமாம். புதிதாக என்ன கற்றுக்கொண்டோம் என்று வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குப் போனில் எழுதி அனுப்ப வேண்டுமாம்.

அதோடு போயிருந்தால் இவரும் நாற்பது நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மறுநாளே பேக்கிங் பிரிவு ஆள் கூப்பிட்டார். ஊர்ச் செய்தியெல்லாம் சுமந்து திரிவதால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"கிடங்குல எட்டு பேரு இருக்கீங்கல்ல? திறக்கும்போது ஆறு பேருக்குத்தான் வேலையாம்."

"யாரந்த ரெண்டு பேரு?"

"அந்த வெள்ளிக்கிழமை லெட்டரைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாராம். எதையாவது கத்துக்கய்யா. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடாத."

அவருக்கு நாற்பத்தாறு வயது. கிடங்கைத் தவிர எதுவும் தெரியாது. இந்த வேலை போனால் வேறெவன் கூப்பிட்டுக் கொடுப்பான்?

முதல் வெள்ளிக்கிழமை, 'வீட்டு நிர்வாகம் கற்றேன்' என்று எழுதினார். அன்று மதியம் பருப்பில் நுரை பொங்கியதை எழுதவில்லை. ஐந்து நிமிடத்தில் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. 'மகிழ்ச்சி. வேறென்ன?'

"ஏம்மா, வேறென்னன்னா என்ன அர்த்தம்?"

"வேற என்னன்னு அர்த்தம்."

"இல்ல. பத்தலைன்னு அர்த்தம்."

இரண்டாவது வாரம் முடி திருத்தக் கற்றுக்கொள்ள முடிவு செய்தார். போனில் பதினோரு நிமிட வீடியோ ஒன்று கிடைத்தது. ஆறாவது நிமிடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டதால் நிறுத்திவிட்டார். அந்த நேரம் பார்த்து, வேலை தேடிக்கொண்டிருக்கிற மச்சான் அக்காவைப் பார்க்க வந்து தொலைத்தான்.

"மாமா, காதுகிட்ட ஜில்லுனு இருக்கு."

"காத்து படுதுல்ல, அப்படித்தான் இருக்கும். ஆடாத."

இடப்பக்கம் குறைந்துவிட்டது என்று வலப்பக்கத்தைக் குறைத்தார். வலப்பக்கம் ரொம்பக் குறைந்துபோனதால் மறுபடி இடப்பக்கம் வந்தார். இப்படியே நியாயம் பார்த்துப் பார்த்து, கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக ஒன்றுமில்லாமல் ஆயின.

மச்சான் கண்ணாடியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "மாமா, நாளைக்கு எனக்கு இன்டர்வியூ."

"தொப்பி போட்டுக்க."

'முடி திருத்தும் தொழில் பழகினேன்' என்று எழுதினார். 'மகிழ்ச்சி. வேறென்ன?'

மூன்றாவது வாரம் குழாய் வேலை. அதை விரிவாகச் சொன்னால் கீழ்வீட்டுக்காரர் மனம் நோகும். அவருடைய மெத்தை இன்னும் காயவில்லை. அதற்கும் 'மகிழ்ச்சி. வேறென்ன?' தான். ஸ்டோர்கீப்பர் இப்போது போன் மணி அடித்தால் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். சாப்பாடு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "அந்த ரெண்டு பேர்ல நான் ஒருத்தன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான்காவது வாரம்தான் விபரீதம் நடந்தது. அவர் மனைவி ஜன்னலோரம் மிஷின் போட்டுத் தைக்கிறவள். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு நீலக் கால்சட்டைகள் தைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தாள். நூல் வாங்க அவள் கடைக்குப் போன நேரம், மேசையில் துணி விரித்துக் கிடந்தது. மேலே அளவு அட்டை இருந்தது. பக்கத்தில் கத்தரிக்கோல் இருந்தது. வேறென்ன வேண்டும்?

அவள் திரும்பி வந்தபோது துண்டுகள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"பன்னெண்டு கால்சட்டை, இருபத்திநாலு கால். எண்ணிப் பார்த்துக்கோ. எண்ணிக்கையில நான் தப்பமாட்டேன்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாமே இடது கால்."

"திருப்பிப் போட்டுக்கலாமே?"

"திருப்பினா உள்பக்கம் வெளுப்பு. ஒரு கால் நீலமாவும் ஒரு கால் வெளுப்பாவும் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுமா?"

அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. வேலை போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு எதுவுமே வரல பாரு. மூணு வாரமாப் பொய்யாவே எழுதிக்கிட்டிருக்கேன்."

பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் பயம் என்று வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"சரி, தையல்னு எழுதிக்குங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

கடைக்கு ஓடி அதே துணி வாங்கிவந்து வலது கால்களை வெட்டினாள். பன்னிரண்டு கேட்ட பள்ளிக்கூடத்துக்கு இருபத்திநாலு கால்சட்டைகள் தயாராயின. அவர் 'தையல் கற்றேன்' என்று எழுதினார். இந்தத் தடவை பதில் நீளமாக வந்தது. 'மிக்க மகிழ்ச்சி. திங்கட்கிழமை காலை வீடியோவில் தைத்துக் காட்டவும்.'

"நம்பலை போலிருக்கு," என்றார் ஸ்டோர்கீப்பர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க பெரிய சட்டையை எடுங்க," என்றாள் மனைவி.

திங்கட்கிழமை போனை எதிரே சாய்த்துவைத்துவிட்டு அவர் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். கைகள் இரண்டும் சட்டைக்குள் முதுகுப்பக்கம் மடங்கியிருந்தன. பின்னால் ஒட்டி உட்கார்ந்த மனைவி, அவருடைய சட்டைக்கைகளுக்குள் தன் கைகளை விட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டாள். பெடல் அவர் காலில். கண்ணும் அவருடையது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகு மட்டும்தான்.

"வணக்கம் சார்," என்றார். அவளுடைய கைகள் வணக்கம் வைத்தன. அந்த மட்டும் புத்திசாலித்தனம்.

மிஷின் ஓடியது. "இடது பக்கம் கொஞ்சம்," என்று உதடு அசையாமல் சொன்னார். துணி இடப்பக்கம் போனது. "போதும், போதும்."

"யார்கிட்ட பேசறீங்க?" என்றார் மேனேஜர்.

"எனக்கு நானே சொல்லிக்கறது சார். அப்படித்தான் கத்துக்கிட்டேன்."

"அது சரி, நகமெல்லாம் என்ன சிவப்பா இருக்கு?"

வளையலைக் கழற்றியவள் நகப்பூச்சை மறந்திருந்தாள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. துடைக்கக் கை இல்லை.

"ஊசி சார். பழகும்போது குத்திடுச்சு."

"பத்து விரல்லயுமா?"

"விடாம பழகினேன் சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பெரிய மனுஷன்யா நீங்க. எனக்கு மனசு லேசாயிடுச்சு." போன் அணைந்தது.

அதன்பிறகு 'வேறென்ன' வரவில்லை. ஒரு மாதத்தில் முதல் தடவையாக ஸ்டோர்கீப்பர் வயிறாரச் சாப்பிட்டார். கீழ்வீட்டுக்காரருக்குக்கூட வணக்கம் சொன்னார். மனைவியிடம், "நீ இல்லேன்னா அந்த ரெண்டு பேர்ல நான்தான்," என்று தினமும் சொன்னார். அவளும் தினமும், "போதும் விடுங்க," என்றாள். மனதுக்குள் அவளுக்கும் பெருமைதான்.

நாற்பத்தோராவது நாள் காலை, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கால் மணி நேரம் முன்னதாகவே தொழிற்சாலைக்குப் போனார். வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்று, இதுவரை இல்லாத மரியாதையோடு ஒரு கவரை நீட்டினார்.

"மேனேஜர் உங்க கையில கொடுக்கச் சொன்னாரு சார். நேத்து ரொம்ப நேரம் உங்களைப் பத்தித்தான் பேச்சு."

ஸ்டோர்கீப்பருக்கு உச்சி குளிர்ந்தது. கவரைப் பிரிக்கக்கூடத் தோன்றவில்லை. "என்னய்யா சொன்னாரு? சும்மா சொல்லு."

வாட்ச்மேன் சிரித்தார். "'ரெண்டு பேரை அனுப்பித்தான் ஆகணும், வேற தொழில் தெரியாதவங்களை அனுப்பினா பாவம், அதனால முதல்ல இவரை அனுப்பிடுவோம்'னாரு சார்."