சப்பாத்து எண்ணிய புரொபசர்

மலேசியாவிலேயே கம்ப்யூட்டரை விடக் காலில் போடும் சப்பாத்தை நம்பிய கம்ப்யூட்டர் புரொபசர் ஒருவர்தான். நான் அவர் ஆபீசில் கிராணி, கிளார்க் வேலை. அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவோம்.

ரவாங்கில் பிறந்து, ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் படிப்புக்கே புரொபசர் ஆனவர். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலில் குனிவார். சாமி கும்பிடுகிறாராக்கும் என்று பார்த்தால், அம்மா சப்பாத்து எண்ணிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் டீன் வீட்டு விருந்தில், "மகன் காலேஜுக்குப் போயிட்டான்னீங்க, பூட்ஸு இங்க கிடக்குதே சார்?" என்று கேட்டுவிட்டார். மாடியில் தூங்கிய மகன் மாட்டிக்கொண்டான். அதிலிருந்து அம்மாவை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை.

அப்போதுதான் காப்பாரில் என் அக்கா இருக்கும் தாமான் குடியிருப்புக்கு வரும் பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று சேதி வந்தது. பஸ் போனால் அக்காவின் கிள்ளான் ஃபேக்டரி வேலையும் போச்சு. காரணம், எங்கள் ஆபீஸ் எடுத்த கணக்கேதான்! "எதுல வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டதற்கு, அக்கா வீட்டுக்காரர் மாமா உட்பட எல்லா ஆம்பளைகளும் மீசையை முறுக்கிக்கொண்டு "கார்லதான் லா" என்றிருக்கிறார்கள். கம்ப்யூட்டரும் அப்படியே நம்பிவிட்டது.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! மறுநாள் காலை பத்து மணிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு தாமான் முழுக்க நடந்தார். வீட்டுக்கு வீடு கார், உறை போர்த்திக்கொண்டு நின்றது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் வெளியே எடுக்கிற கார். மாமாக்கள் மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்கள், அக்காக்களுக்கு பஸ்தான். வாசலில் வேலைக்குப் போடுகிற சப்பாத்து ஒரு ஜோடிகூட இல்லை.

"தப்பு நம்ம கணக்குன்னு சொன்னா உங்க பேரு கெட்டுடும்மா" என்றேன்.

"கெட்டா கெடட்டும் லா. உங்க அக்கா வேலைக்குப் போகணும்ல?"

பஸ்ஸை நிறுத்துவது பற்றிய மீட்டிங்கில் போக்குவரத்து அதிகாரி விடவில்லை. "எல்லா வீட்டுலயும் கார் இருக்கே, டாக்டர்?"

"கார் வீட்டுலதான் இருக்கு, பாஸ். சப்பாத்துதான் வேலைக்குப் போயிருச்சு. அது என்ன, தனியா நடந்தா போச்சு? என் கணக்குதான் தப்பு."

ஹாலே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். பஸ் இன்றைக்கும் ஓடுகிறது. அக்கா சூப்பர்வைசர் ஆகிவிட்டாள்.

அம்மா ரிட்டயர் ஆகி பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். பாவம், தனியாக இருப்பாரே என்று தீபாவளிக்குப் போனேன். எனக்குச் சப்பாத்து கழற்றவே இடமில்லை. அந்த பஸ்ஸில் போகிற பெண்கள் பாதிப்பேர் உள்ளே!

"கிராணி, எண்ணிட்டு உள்ள வாங்க!" என்று குரல் வந்தது.

எண்ண ஆரம்பித்தேன். பாதியிலேயே கண் கலங்கிப்போய், கணக்கை விட்டுவிட்டு உள்ளே போனேன்.