ஜெயரத்தினம் மாஸ்டர் எழுதிய நட்புக் காவியம்

மனித குலம் இன்றுவரை கண்ட நட்புகளில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் நீளமானது ஜெயரத்தினம் மாஸ்டருடைய நட்பு ஒன்றுதான். யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்து லிந்துலைக்குப் படிப்பிக்க வந்தவர், இருபத்திரண்டு வருடம் முத்துலிங்கத்துக்குப் பக்கத்து மேசையில் இருந்தார். முத்துலிங்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து ஆசிரியரானவர். இருவருக்கும் ஒரே பஸ், மழை வந்தால் ஒரே குடை.

'இனம், அடையாளம், நட்பு, இழப்பு' நான்கையும் ஒரே அட்டைக்குள் அடக்கி மாஸ்டர் எழுதிய நாவல் சென்ற ஞாயிறு ஹட்டனில் வெளியிடப்பட்டது.

'இழப்பு' வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். மாஸ்டரின் மகன் தர்சனும் முத்துலிங்கத்தின் மகள் லோஜினியும் விரும்பினார்கள். முத்துலிங்கம் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து கேட்டார். மாஸ்டர் மிகுந்த அன்போடு பதில் சொன்னார்.

"சிநேகிதம் வேறை, சம்பந்தம் வேறை. தோட்டக்காட்டில பொம்பிளை எடுத்தால் எங்கட ஆக்கள் என்ன கதைப்பினம்? குறை நினைக்காதையும்."

முத்துலிங்கம் தட்டை எடுத்துக்கொண்டு போனார். மாஸ்டரும் அடுத்த மாதமே ஊருக்கு இடமாற்றம் வாங்கினார்; நட்பைப் பற்றி எழுத அங்கேதான் வசதி. இரண்டு வருடத்தில் முத்துலிங்கம் மாரடைப்பில் காலமானார். தகவல் கிடைத்தது. ஆனால் மாஸ்டர் அப்போது பதினோராம் அத்தியாயத்தில் இருந்தார். நட்பு உச்சக்கட்டத்தை எட்டியிருந்ததால் எழுந்து வர முடியவில்லை.

மேடையில் விழாத் தலைவர் கடைசி அத்தியாயத்தை வாசித்தார். "கொட்டும் மழையில் நண்பனின் பாடையைச் சுமந்து மலையேறுகிறான் நாயகன். இனம் கரைகிறது; மனிதன் எஞ்சுகிறான்!" சபை மூக்கை உறிஞ்சியது. மாஸ்டருக்கே கண் கலங்கிவிட்டது. தான் இவ்வளவு நல்லவர் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

முதற் பிரதி வாங்க முத்துலிங்கத்தின் மனைவி மீனம்மா மேடைக்கு அழைக்கப்பட்டார்.

"அம்மா, 'இழப்பு' பற்றி இரண்டு வார்த்தை" என்றார் தலைவர்.

மீனம்மா புத்தகத்தைப் புரட்டவில்லை. மாஸ்டரைப் பார்த்தார்.

"சேர், எங்க பயலுக எல்லாம் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டாங்க. அன்னைக்குப் பாடை தூக்க மூணு ஆம்பளதாங்க இருந்தாங்க. நீங்க வருவீங்கன்னு ஒரு மணிநேரம் அவர வச்சிருந்தோம். பொறவு நாலாவது ஆளா லோஜினியே தூக்குச்சுங்க."

மாஸ்டர் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

தலைவர் அனுபவசாலி. "அற்புதமான விமர்சனம்!" என்று கூவி, பாடைக்குக் கிடைக்காத மாஸ்டரின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்.