இடதுகால் நரம்பும் பாராடாங் சம்பந்தமும்

இடுப்புவலியைக்கூடத் தாங்கிவிடலாம். இடுப்புவலியே இல்லாதவன்போல நடப்பதுதான் உயிரை எடுக்கும். என் நிக்காஹுக்கு முன் நான் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

போர்ட் பிளேரில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. ஆள் வரும்வரை பொறுக்காமல், பெரிய ஹீரோ மாதிரி சிமெண்ட் மூட்டையைத் தனியாகத் தூக்கினேன். அன்றிலிருந்து இடுப்பில் கிளம்பி, தொடை வழியாக இடதுகால் பெருவிரல் வரை கரண்ட் அடித்தது. நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், பழகிய ஆளிடம் மெதுவாக மசாஜும் செய்துகொள்ளச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாராடாங் தீவிலிருந்து சம்பந்தம் கூடி வந்தது. பெண் ஷாஹினா. பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அத்தாவோ, "மாப்பிள்ளை நோய் நொடி இல்லாம இருந்தாப் போதும், வேற ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டார். (மனுஷன் வேறு எதையாவது கேட்டிருக்கக் கூடாதா?) வெள்ளிக்கிழமை நிச்சயம். தரையில் சம்மணம் போட்டு, அவரோடு ஒரே சஹன் தட்டில் பிரியாணி சாப்பிட வேண்டும். நான் உட்கார்ந்தால், எழுப்பத் துறைமுகத்திலிருந்து கிரேன் வர வேண்டும்.

யாருக்கும் தெரியாமல் மின்னி பே பகுதியில் மசாஜ் செய்யும் ஒரு பெங்காலி தாதாவிடம் போனேன். (தாதா என்றால் அவர்களுக்கு அண்ணன்.) துண்டோடு குப்புறப் படுக்க வைத்தார். கட்டிலில் முகத்துக்கு ஒரு ஓட்டை. பின்னிடுப்பில் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, "டீலா சோடோ" என்றார். தளர்த்த வேண்டுமாம். நான் கத்திய கத்தலில் தளர்வதற்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர், "அரே பாப்ரே" என்று முனகிக்கொண்டிருந்தார்.

அப்போது என் லாத்தாவிடமிருந்து, அதாவது அக்காவிடமிருந்து, போன். போனைத் தரையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஓட்டை வழியாகப் பேசினேன்.

"மெதுவாப் பேசுடா, யாராச்சும் கேட்டுடப் போறாங்க" என்றாள் லாத்தா.

"இங்க யாருக்குத் தமிழ் தெரியும்? ஒரு பெங்காலி. பக்கத்துல ஒரு ஹிந்திக்காரக் கிழம்."

தீவில் வெளியாளிடம் எல்லாரும் ஹிந்திதான். ரகசியத்துக்குத்தான் தமிழ். அந்தத் தைரியம்.

"பாராடாங்காருக்குத் தெரிஞ்சா என்னடா ஆகும்?"

"அந்தாளா? வந்த அன்னைக்கே மாடு வாங்குறவரு மாதிரி மேலயும் கீழயும் பாத்தாரு லாத்தா. பல்லை மட்டும்தான் எண்ணல!"

திரைக்கு அந்தப் பக்கம் முனகல் நின்றது.

"பல்லு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அதான் எண்ணல."

துள்ளி எழுந்தேன். நரம்பு சுண்டி இழுத்தது. திரையைப் பிடித்தேன், திரையோடு கீழே விழுந்தேன். எதிரே துண்டு கட்டிய என் மாமனார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா" என்றேன், தரையிலிருந்தே.

அவர் பதில் சலாம் சொல்லி, என்னைத் தூக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பெங்காலி தாதா தலையில் அடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஹிந்தியில் திட்டித் தீர்த்தார்.

ஒருவழியாகச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே டீக்கடையில் நின்றோம். (உட்காரும் நிலையில் இருவருமே இல்லை.) "சரக்கு எடுக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை சஹன்ல உக்காரணுமே" என்றார். பிறகு குரல் மாறியது. "இருந்தாலும் எம்பொண்ணுகிட்ட மறைக்கக் கூடாது. நீங்களே சொல்லுங்க. அவ வேணாம்னா வேணாம்தான்" என்று ஷாஹினாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே சிமெண்ட் மூட்டையிலிருந்து ஒப்பித்தேன். முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அத்தா எப்படி அங்க? சரக்கெடுக்கத்தானே போனாங்க?"

"பக்கத்துக் கட்டில்ல இருந்தாங்க."

மாமா என்னை முறைத்தார்.

"உங்களுக்கு எந்தக் காலு?"

"இடது."

"அத்தாவுக்கு?"

"வலதும்மா" என்றார் மாமா, ஈனஸ்வரத்தில்.

ஷாஹினா சிரித்தாள், அப்படியொரு சிரிப்பு. "அப்பச் சரி. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆம்பளை தேறும். பேசினபடியே நடக்கட்டும்."

நடந்தது. இன்றைக்கும் மாமா வந்திருக்கும்போது கேஸ் சிலிண்டர் வந்தால், அடுப்படியிலிருந்து சத்தம் கேட்கும். "அத்தா, நீங்களும் கொஞ்சம் வாங்க. இங்க ஒரு முழு ஆளு தேவைப்படுது!"