ஜெராக்ஸ் கடை ஒரிஜினல் அக்கா

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை தேடினாலும் ஒரிஜினல் அக்காவைப் போல வாய் திறக்காதவரும் கிடையாது, அவரைப் போல வாய் மூடாதவரும் கிடையாது. திண்டிவனத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேரின் பட்டா, ஜாதகம், விவாகரத்து மனு எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போயின. ஒரு வரி வெளியே வந்ததில்லை. தன் வீட்டு விஷயத்தை மட்டும் ரோட்டில் போகிறவரை நிறுத்திச் சொல்வார்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய்வரும் நானும் பட்டப்பெயர் வந்த நாளில் கடையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால் மணி, நல்ல கூட்டம். பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் அக்காவின் மகளைப் பார்த்து, “பாப்பா அம்மாவ அப்டியே ஜெராக்ஸ் எடுத்த மாதிரி கீது” என்றார்.

அக்கா மெஷினை நிறுத்தினார். “ஜெராக்ஸ் இல்லீங்க, ஒரிஜினல். தத்து எடுத்தோம். நாலு மாசக் கொழந்தையா வந்தா. பெத்தவங்க வேற, வளக்கறவ நானு. அவளுக்கும் தெரியும்.”

“தெரியட்டும்மா, மெஷின போடுங்க, ராகு காலம் வருது!” என்று வரிசை கத்தியது.

இன்னொரு நாள் விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர், “பாப்பாவுக்கு வயசு என்னம்மா?” என்று கேட்டுத் தொலைத்தார்.

“பொறந்து அஞ்சு வருஷம் ரெண்டு மாசம். எங்க வூட்டுக்கு வந்து நாலு வருஷம் பத்து மாசம். உங்களுக்கு எது வேணும்?”

“பேஜாரா போச்சே! அஞ்சு தாண்டிச்சா இல்லியா, அத்த சொல்லும்மா.”

விளக்கம் முடிவதற்குள் கூட்டேரிப்பட்டு வந்துவிட்டது. அரை டிக்கெட்தான் எடுத்தார். ஆனால் தத்து என்றால் என்ன என்று தெரியாமல் அந்த பஸ்ஸிலிருந்து யாரும் இறங்கவில்லை. என் பக்கத்தில் இருந்த என் மகள் வெண்ணிலா ஜன்னலை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். ‘வெளியே பாரும்மா’ என்று அவளைத் திருப்பினேன்.

காரணம் உண்டு. கடைக்குப் போனாலும் தேதி, நேரம் குறிக்க என் கையில் நோட்டு இருக்கும்; எங்கள் தெருவில் குழாய் உடைந்த தேதிகூட அதில் இருக்கிறது. வெண்ணிலா எங்கள் வீட்டுக்கு வந்த தேதி மட்டும் இல்லை. அவளும் தத்துப் பிள்ளைதான். ஒன்பது வயதாகியும் சொல்லவில்லை. சொன்னால் ‘அப்பா’ என்று கூப்பிடுவது நின்றுவிடுமோ என்று பயம். விஷயம் தெரிந்தவர்களை விட்டு விழுப்புரத்துக்கு வீடு மாற்றி வந்ததே அதற்காகத்தான்.

பிறகு நானே மாட்டிக்கொண்டேன். வெண்ணிலாவைப் புதுப் பள்ளியில் சேர்க்க நகல் எடுக்கக் கொடுத்த காகிதக் கட்டுக்குள் தத்து உத்தரவும் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. அக்கா மற்றதையெல்லாம் நகல் எடுத்தார். அதை மட்டும் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். கடை காலியான பிறகுதான் வாயைத் திறந்தார்.

“சார், மெஷின்ல வெக்கும்போதுதான் கவுத்து வெக்கணும். வூட்லயும் ஏன் கவுத்தே வெச்சிக்கினு கீறீங்க?”

“பயமா இருக்குதுக்கா.”

“நீங்க சொல்லலன்னா எவனாவது ஒருத்தன் கல்யாணப் பந்தில சொல்லுவான். அவன் உங்கள மாதிரி தேதி, நேரம்லாம் கரெக்டா சொல்லுவானா?”

என்னை எங்கே அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலா மல்லாட்டையை உடைத்துக் கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னேன். என் மனைவி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பஸ்ல அந்த ஆன்ட்டி வூட்டுப் பாப்பா மாதிரியா?”

“ஆமாம்மா.”

இன்னொரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“அப்ப நான் வந்து எத்தினி வருஷம், எத்தினி மாசம்ப்பா?”

நோட்டைத் தேடாமலே நாள் வரைக்கும் சொன்னேன். அன்றைக்கே எழுதியும் வைத்தேன்.

போன வருடம் காய்ச்சலில் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. அந்தத் தேதியை நான் இன்னும் எழுதவில்லை. தெரிந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, மொத்த வரிசைக்கும் கேட்கிற மாதிரி திட்டுவார்: “இத்தயும் ஏன் சார் கவுத்து வெச்சிக்கினு கீறீங்க?”