இரட்டை அனுமதி வாங்கிய வாசல்

"ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஒருமுறையாவது கத்தாத தமிழன் இருக்க மாட்டான். நானும் ஊரில் பலரிடம் கத்தியிருக்கிறேன். யாரும் பதில் சொன்னதில்லை. சிங்கப்பூரில்தான் ஒருவர் "ஆமா" என்றார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

என் மனைவி மீனாவின் அண்ணன் சேகர், சிங்கப்பூரின் கிராஞ்சியில் நிலம் குத்தகைக்கு எடுத்து வாழையும் கறிவேப்பிலையும் போட்டார். முதல் பொங்கலுக்கே லிட்டில் இந்தியா கடைகளுக்குக் கரும்பு தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். மலேசியாவிலிருந்து லாரியில் வரும் கரும்பைத் தோட்டத்தில் இறக்கிப் பிரித்துத்தான் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் லாரி தோட்டத்துக்குள் நுழைய வழியில்லை. குறுக்கே சாலையோர வடிகால். அதன்மேல் கான்கிரீட் போட்டு வாசல் வைத்தாக வேண்டும். கரும்பு கடைக்குப் போகாவிட்டால் அடுத்த வருஷம் ஒரு கடைக்காரரும் மச்சானைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அதற்கு யாரிடம் கேட்பது? அந்தச் சாலை அரசாங்கத்துடையது இல்லையாம். பக்கத்து மீன் பண்ணை லிம் அங்கிள் சொந்தச் செலவில் பராமரிக்கிறாராம். (இத்தனூண்டு நாட்டில் ஒரு மனிதனுக்குத் தனி ரோடு!)

"மாப்ள, நீங்கதான் நல்லா இங்கிலீஷ் பேசுவீங்க. போய்க் கேட்டுட்டு வந்துருங்க லா" என்றார் மச்சான். இந்தப் புகழ்ச்சியில்தான் விழுந்தேன்.

கும்பகோணத்தில் எனக்கு ஆங்கிலம் புகட்டிய வாத்தியார் ஒரு விஷயத்தில் மகா கறார். அனுமதி கேட்கும்போது 'கேன்' சொல்லக் கூடாது, 'மே' சொல்ல வேண்டும். மறந்து 'கேன் ஐ கோ அவுட்' என்றவன் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதே பயபக்தியோடு, "மே வீ மேக் அன் என்ட்ரன்ஸ் ஹியர், சார்?" என்று கேட்டேன்.

லிம் அங்கிள் வடிகாலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கேன் மே?" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. கேனும் கொடுத்துவிட்டார், மேயும் கொடுத்துவிட்டார்! மேலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடிவந்தேன். ஒரு சின்னக் குழாயைப் புதைத்து, மேலே கான்கிரீட்டைக் கொட்டி, வாசல் தயார்.

பொங்கல் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்தக் குழாய்க்குள் அடங்காத தண்ணீரெல்லாம் சாலைமேல் ஏறியது. கரும்பு லாரி வந்தபோது லிம் அங்கிள் குடையோடு நடுரோட்டில் நின்றார்.

"ஹூ சே கேன்?"

"யூ ஒன்லி! கேன், மே, போத் யூ செட்!"

சிங்கப்பூரிலேயே, ஆங் மோ கியோவில் பிறந்து வளர்ந்த மீனா தலையில் கை வைத்தாள். "ஐயோ, அது பர்மிஷன் இல்லைங்க! இங்க பேச்சு முடிவுல 'மே' போட்டா சந்தேகம். 'இதெல்லாம் முடியுமா என்ன?'ன்னு உங்களக் கேட்டிருக்காரு!"

கேள்வியைக் கேள்வி மாதிரி கேட்டால் என்ன? கோபம் தலைக்கேறியது. சீனருக்குப் புரியவா போகிறது என்ற தைரியத்தில் அந்த வசனத்தை எடுத்துவிட்டேன். "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"ஆமா" என்றார் தமிழில். "எங்கப்பா போட்ட ரோடு லா."

அவர் பண்ணையில் வேலை செய்பவர்கள் எல்லாம் புதுக்கோட்டைப் பக்கமாம். இத்தனை தமிழை வைத்துக்கொண்டு அன்றைக்கே "முடியுமா தம்பி?" என்று கேட்டிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்?

லாரி மெயின் ரோட்டுக்குப் பின்வாங்கியது. நாங்கள் நனைந்தபடி கரும்புக் கட்டுகளைத் தோட்டத்துக்குத் தோளில் சுமந்தோம். மச்சான் லாரி டிரைவரிடம், "எங்க மாப்ள நல்லா இங்கிலீஷ் பேசுவாரு லா" என்றார். தோளைவிட அதுதான் வலித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த லிம் அங்கிள், தன் பிக்கப் வண்டியை எடுத்து வந்து மீதியை ஏற்றினார். கரும்பு நேரத்துக்குக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. திட்டிய வாய் மூடுவதற்குள் உதவி செய்கிற இந்தக் குணத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

என் கையாலேயே கான்கிரீட்டை உடைத்தேன். பெரிய குழாயைக் காட்டியபோது அவர் "போடு" என்றார். அது போதாதென்று மீனாவை விட்டு இன்னொரு முறை கேட்கச் சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு பொங்கலுக்கும் லிம் அங்கிள் தோட்டத்துக்குச் சாப்பிட வருகிறார். அந்த வாசலில் நின்று, என்னை மட்டும் பார்த்து, "மே ஐ கம் இன், சார்?" என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சானிலிருந்து என் மகள்வரை மொத்தக் குடும்பமும் கத்துகிறது:

"கேன் மே?"