எங்கள் வைஃபையில் ஆறு அந்நியர்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, என் முழங்கால் எல்லோரும் சுகம். மகளும் நீங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய புதுக் கணினி வந்து சேர்ந்தது. பழையது எவ்வளவு முனகினாலும் என்னைக் குறை சொன்னதில்லை. இதுவோ பெட்டியை விட்டு இறங்கிய அரை மணியில், ‘உங்கள் வைஃபை பாதுகாப்பற்றது, நீங்கள் செய்வதைப் பிறர் பார்க்கக்கூடும்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் அறிக்கைகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கிறேன் அல்லவா? யார் வயிற்றில் என்ன கல் என்பதெல்லாம் என் மேசையில்தான் இருக்கிறது. அது வெளியே போயிருந்தால் வேலை போவது இருக்கட்டும், அந்த மனிதர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

உடனே வைஃபையின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். நம் வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டின்படி பெயருக்கும் ‘அட்மின்’, கடவுச்சொல்லுக்கும் ‘அட்மின்’ என்று போட்டதும் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது. பாதுகாப்பு என்ற இடத்தில் ‘எதுவுமில்லை’. இணைந்திருக்கும் கருவிகள் ஒன்பது. நம்மிடம் இருப்பதோ மூன்று. “மிச்சம் ஆறு யாரு?” என்று கத்திவிட்டேன். உங்கள் அத்தை சமையலறையிலிருந்து, “யாரா இருந்தாலும் உக்காரச் சொல்லுங்க, வரேன்” என்றாள்.

அடுத்து, பூட்டு எந்த வகை, டபிள்யூ.பி.ஏ. இரண்டா மூன்றா என்று கேட்டது. “பெரிய நம்பரையே போடுங்க, மாத்திரையா என்ன, யோசிக்கறதுக்கு?” என்றாள் அத்தை. போட்டேன். கடவுச்சொல்லாக என் பிறந்த தேதியைக் கொடுத்தேன். ‘மிகவும் பலவீனம்’ என்றது. இந்த வயதில் இதையும் கேட்க வேண்டியிருக்கிறது. கடைசியில் இருபது எழுத்தில் ஒன்றைக் கொடுத்துச் சேமித்தேன். ஆறு பேரும் அந்த நிமிடமே வெளியே!

ஐந்து நிமிடத்தில் மேல்வீட்டுப் பல் டாக்டர் வந்து கதவைத் தட்டினார். “சார், உங்க வீட்ல நெட் வருதா? எங்களுக்குத் திடீர்னு நின்னுபோச்சு.”

“இத்தனை நாள் உங்களுக்கும் சேத்துத்தான் சார் வந்துச்சு. இப்பப் பூட்டிட்டேன்!”

“நாங்க தனியா வாங்கியிருக்கோமே...”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

பாவம், தலையைச் சொறிந்துகொண்டே படியேறினார்.

அதற்குமேல் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கணினிப் பிரிவுப் பெண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்க சார், நம்ம ரிப்போர்ட் எல்லாம் போகும்போதே பூட்டித்தான் போகுது. வெளியாளு யாரும் தொடவே இல்ல” என்றாள். மாப்பிள்ளை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு வாய் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். அந்தக் கணினியை வாழ்த்துவதா வைவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

நிம்மதியுடன்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பல் டாக்டர் நெட் கம்பெனி ஆளோடு வந்தார். நான் பூட்டியது டாக்டருடைய வைஃபையாம். இரண்டும் ஒரே கம்பெனிப் பெட்டி, ஒரே பெயர், ஒரே ‘அட்மின்’. நம் பெட்டிக்குப் போன வருஷம் சுவருக்கு வண்ணம் அடித்ததிலிருந்தே நெட் ஒயர் இல்லையாம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். டாக்டர் துளியும் கோபப்படவில்லை. “பூட்டாம விட்டது எங்க தப்புதான் சார். உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா, எங்க வீட்டு பாஸ்வேர்ட எங்களுக்கும் கொஞ்சம் சொல்றீங்களா?” என்றார்.